ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் தன் வயிறு நிறைந்தது தெரியுமா?

கவின்அம்மா_திருப்பூர்

எல்லோருக்கும் வணக்கம். என் பையனுக்கு 20 மாதம் ஆகிறது. பிறக்கும்போது 2.9 கிலோ, போன வாரம் எடை போட்டபோது 10.4. ஒரு வயது வரை எதைக் கொடுத்தாலும் ஆவென்று வாயைத் திறப்பான். இப்போது நான்கு வாய் ஒழுங்காக வாங்கிக்கொள்கிறான். ஐந்தாவது வாய்க்குத் தலையைத் திருப்பிக்கொள்கிறான், ஆறாவது வாய்க்கு ஸ்பூனைத் தட்டிவிடுகிறான். கிண்ணத்தில் முக்கால்வாசி அப்படியே இருக்கும்.

வீட்டில் ஆளுக்கொரு வழி. என் அத்தை (மாமியார்) பருப்பு சாதத்தை நன்றாகக் குழைத்து, நெய் விட்டு, அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போவார். காக்கா, நாய்க்குட்டி, பால் வண்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய். என் கணவர் செல்போனில் பாட்டுப் போட்டுக் கொடுத்துவிடுவார், பையன் கண்ணை எடுக்காமல் வாயை மட்டும் திறப்பான். நான் இரண்டுக்கும் நடுவில் நின்று தவிக்கிறேன்.

போன வியாழக்கிழமை இரவு போனைப் பார்த்துக்கொண்டே ஒரு கிண்ணத்தையும் காலி செய்துவிட்டான். எல்லோருக்கும் சந்தோஷம். பத்து நிமிடம் கழித்து என் தோளில் படுத்திருந்தவன் அத்தனையும் வாந்தி எடுத்தான். சோறு மெல்லாமல் முழுசு முழுசாக வந்தது. குழந்தை பயந்துபோய் அழுதான். எனக்கு அன்று இரவு முழுவதும் தூக்கமில்லை. நான்காவது வாயிலேயே அவன் நம்மிடம் சொல்லிவிட்டான், நாம்தான் கேட்கவில்லையோ என்று திரும்பத் திரும்பத் தோன்றியது.

இந்த வயதில் ஒரு குழந்தைக்கு "போதும்" என்பது உண்மையிலேயே தெரியுமா? அதை நம்பி நிறுத்தலாமா?

யாழினி_சேலம்

எங்கள் வீட்டிலும் இதே கதைதான் தோழி. என் பெண் துப்பமாட்டாள், கன்னத்தில் அதக்கி வைத்துக்கொள்வாள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் அந்த உருண்டை அங்கேயே இருக்கும். அப்படியே தூங்கிவிடுவாளோ என்று பயந்து விரலை விட்டு எடுத்திருக்கிறேன். பதில்களுக்குக் காத்திருக்கிறேன்.

வேலம்மாள்_ஆச்சி

கவின் அம்மா, எனக்கு நான்கு பிள்ளைகள், ஏழு பேரப்பிள்ளைகள். என் பேத்திதான் இதைத் தட்டச்சு செய்கிறாள்.

விளையாட்டு மும்முரத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பசி தெரியாது. மணல் வீட்டை விட்டு எழுந்து வந்து எந்தப் பிள்ளை சோறு கேட்கும்? கூப்பிட்டு உட்கார வைத்து, இரண்டு வாய் கொடுத்த பிறகுதான் அதற்கே பசி புரியும். அதனால் "பிள்ளைக்கு எல்லாம் தெரியும், விட்டுவிடு" என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

உங்கள் அத்தையைக் குறை சொல்லாதீர்கள். எங்கள் காலத்தில் நாலு நாள் வயிற்றுப்போக்கு என்றால் பிள்ளை பாதி ஆகிவிடும். பக்கத்து வீட்டில் ஒன்று அப்படியே போனதைக் கண்ணால் பார்த்தவள் நான். உடம்பில் கொஞ்சம் சதை இருந்தால் தாங்கும் என்றுதான் ஓடி ஓடி ஊட்டினோம். ஆனால் ஒன்று. நிலாவைக் காட்டி ஊட்டினாலும் பிள்ளையின் முகம் எங்கள் முகத்துக்கு நேரே இருக்கும். வாயைத் திறக்கிறதா, முகத்தைச் சுளிக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்போம். ஊட்டுவது வேறு, திணிப்பது வேறு.

ஓய்வு_செவிலியர்

நான் 31 வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள். ஆச்சி சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன், மீதியைப் பிறகு சொல்கிறேன். முதலில் கவின் அம்மாவுக்கு ஒரு வேலை. உங்கள் வீட்டுக் கிண்ணம் எவ்வளவு பிடிக்கும் என்று டம்ளரில் தண்ணீர் ஊற்றி அளந்து பாருங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், சின்னக் குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்குத் தாங்கும் அளவு, எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 30 கிராம். பத்து கிலோ குழந்தைக்கு 300 கிராம், அதுவும் முட்ட முட்ட. உலக சுகாதார நிறுவனம் ஒன்றிலிருந்து இரண்டு வயது வரைக்கும் ஒரு வேளைக்குச் சொல்வது 250 மில்லி கிண்ணத்தில் முக்காலிலிருந்து ஒரு கிண்ணம். அப்படி நாளுக்கு மூன்று நான்கு வேளை, இடையில் ஒன்றிரண்டு சிறு தீனி. தாய்ப்பாலோ பாலோ தனி.

அடுத்தது வளர்ச்சி. உங்கள் பையன் முதல் வருடத்தில் ஆறு கிலோ ஏறியிருப்பான். இரண்டாவது வருடம் முழுக்கச் சேர்த்தே இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். அதற்குத் தகுந்தபடி பசியும் தணியும். பதினோரு மாதத்தில் தின்ற வேகத்தை வைத்து இருபதாம் மாதத்தை அளந்தால் எந்தத் தாய்க்கும் பயம்தான் வரும். நான் போன வீடுகளில் "ஒரு வயசு வரை நல்லாத் தின்னான், யார் கண்ணு பட்டதோ" என்று கேட்காத வீடு குறைவு.

வாயை மூடுவது, முகத்தைத் திருப்புவது, ஸ்பூனைத் தள்ளுவது, சோற்றைப் பிசைந்து விளையாட ஆரம்பிப்பது, மடியிலிருந்து இறங்கப் பார்ப்பது: பேச்சு வராத பிள்ளை "போதும்" என்று சொல்வது இப்படித்தான். உங்கள் கவின் மிகத் தெளிவாகச் சொல்கிறான்.

கவின்அம்மா_திருப்பூர்

இப்போதுதான் அளந்தேன் அம்மா. எங்கள் டம்ளர் 200 மில்லி. கிண்ணத்தில் இரண்டு டம்ளர் முழுதாகப் பிடித்தது. 400 மில்லி! பெயர் வெட்டி மாமா வீட்டுச் சீராக வந்த கிண்ணம், அதை நிரப்பித்தான் இத்தனை நாளும் கொடுத்திருக்கிறோம். வியாழக்கிழமை அவன் வாந்தி எடுத்ததற்கு வேறு காரணமே தேட வேண்டாம்.

ஆனாலும் நான்கு வாய் எப்படிப் போதும்? முக்கால் கிண்ணம் என்றாலே எங்கேயோ இருக்கிறதே?

கதிர்_படிப்பவன்

அக்கா, நான் உணவியல் முதுகலை படிக்கிறேன். இந்தக் கேள்வியைக் கிட்டத்தட்ட நூறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர் 1920களில் தொடங்கி, பால் மறந்த 15 குழந்தைகளை மாதக்கணக்கில், சிலரை வருடக்கணக்கில் வைத்துப் பார்த்தார். 34 வகை உணவு. பால், முட்டை, இறைச்சி, மீன், தானியம், கிழங்கு, காய், பழம் எல்லாம் தனித்தனியாக, கலக்காமல். உப்புகூடத் தனிக் கிண்ணத்தில். பக்கத்தில் செவிலியர் ஸ்பூனோடு உட்கார்ந்திருப்பார். குழந்தை கை நீட்டிக் காட்டினால்தான் ஸ்பூனில் எடுக்க வேண்டும், வாயைத் திறந்தால்தான் கொடுக்க வேண்டும். "சாப்பிடு" என்றும் சொல்லக்கூடாது, "அது வேண்டாம்" என்றும் சொல்லக்கூடாது. ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு மாதிரி, பெரியவர்கள் பார்த்தால் தலை சுற்றும்படி தின்றது. ஆனால் எல்லோரும் நன்றாக வளர்ந்தார்கள். எலும்பு மென்மை நோயோடு வந்த ஒரு குழந்தைக்கு மீன் எண்ணெயையும் பக்கத்தில் வைத்தார்கள். நோய் ஆறும் வரை தானாகவே விட்டுவிட்டுக் குடித்தானாம். 1928இல் முதல் கட்டுரை, 1939இல் முழுத் தொகுப்பு.

உங்கள் "நான்கு வாய்" கேள்விக்கு நேரான பதில் 1991இல் லியான் பர்ச் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்டது. 2 முதல் 5 வயது வரை 15 குழந்தைகள், ஆறு நாள், 24 மணி நேரமும் என்ன உள்ளே போனது என்று நிறுத்துப் பார்த்தார்கள். ஒரே குழந்தை ஒரே வேளைக்குச் சாப்பிடும் அளவு நாளுக்கு நாள் சராசரியாக 33.6 சதவீதம் ஏறி இறங்கியது. ஆனால் ஒரு முழு நாளின் மொத்தச் சக்தியைக் கூட்டினால் ஏற்ற இறக்கம் 10.4 சதவீதம்தான். காலையில் குறைத்தது மதியம் கூட்டிக்கொள்கிறது, மதியம் கூட்டியது இரவில் குறைத்துக்கொள்கிறது.

நாம் பார்ப்பது ஒரு கிண்ணத்தை. குழந்தை கணக்கு வைப்பது நாள் முழுவதற்கும். ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பாருங்கள் அக்கா. பாலையும் பிஸ்கட்டையும் விடாமல் எழுதுங்கள்.

மளிகைக்கடை_ராஜா

தம்பி கதிர் சொன்ன அமெரிக்க டாக்டர் கதையில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த 34 கிண்ணத்தில் ஒன்றில்கூடச் சர்க்கரை இல்லை, பிஸ்கட் இல்லை, மிக்சர் இல்லை. எதைத் தொட்டாலும் நல்லதே என்ற இடத்தில் விட்டால் எந்தப் பிள்ளையும் சரியாகத்தான் தின்னும்.

நான் 14 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் நாலரை மணிக்கு வந்து நின்று பாருங்கள். இடுப்பில் இருக்கும் பிள்ளை சரத்தில் தொங்கும் அஞ்சு ரூபாய் பாக்கெட்டை நோக்கிக் கையை நீட்டும். பிய்த்துக் கையில் கொடுத்ததும் அழுகை நிற்கும். அதே பெற்றோர் மறுநாள் வந்து "பசி எடுக்க என்ன டானிக் அண்ணா நல்லது?" என்று கேட்பார்கள். நான் விற்கிறவன்தான், பிழைப்பு அது. ஆனால் ஒன்றரை வயதுப் பிள்ளையிடம் அந்தப் பாக்கெட்டைக் கொடுக்காதீர்கள் என்று தெரிந்தவர்களிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இட்லியில் மூன்றாவது விள்ளலுக்குத் தலையைத் திருப்புகிற அதே பிள்ளை, அந்த முறுக்கு மாதிரிச் சமாச்சாரத்தில் பாக்கெட் காலியாகும் வரை நிறுத்தாது. அங்கே "போதும்" எங்கே போயிற்று?

என் பெரிய மகனுக்கு மூன்று வயதில் நானே கொடுத்துப் பழக்கினேன். ஒன்பது வயதாகிறது, இன்னமும் அதை மாற்றப் பாடுபடுகிறோம். அந்த வருத்தத்தில்தான் எழுதுகிறேன்.

கதிர்_படிப்பவன்

ராஜா அண்ணன் சொன்னதைத்தான் கிளாரா டேவிஸும் சொன்னார். சூட்சுமம் குழந்தையிடம் மட்டும் இல்லை, எதை முன்னால் வைத்தோம் என்பதில் இருக்கிறது என்று அவரே எழுதிவிட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. 2000இல் ஒரு சோதனை: மூன்று வயதுக்காரர்களுக்கும் ஐந்து வயதுக்காரர்களுக்கும் தட்டில் கொஞ்சம், நடுத்தரம், நிறைய என்று மூன்று நாள் மாற்றி மாற்றி வைத்தார்கள். ஐந்து வயதுக்காரர்கள் நிறைய வைத்த நாளில் நிறையச் சாப்பிட்டார்கள். மூன்று வயதுக்காரர்கள் எவ்வளவு வைத்தாலும் ஏறக்குறைய அதே அளவு. பிறகு வந்த ஆய்வுகளில் இரண்டு வயதுக்காரர்களிடமும் தட்டின் அளவு வேலை செய்வது தெரிந்தது. அதனால் "மூன்று வயது வரை பூட்டு போட்ட மாதிரி பத்திரம்" என்று நான் சொல்லமாட்டேன். பிறக்கும்போது இருக்கும் ஒரு திறமை, நாம் மேலே மேலே சோற்றைக் குவிக்கக் குவிக்க மங்குகிறது என்றுதான் எனக்குப் புரிகிறது. "தட்டைக் காலி பண்ணினால்தான் எழுந்திருக்கலாம்" என்று பழக்கினால் பிள்ளை வயிற்றைப் பார்ப்பதை விட்டுத் தட்டைப் பார்க்கக் கற்றுக்கொள்கிறது.

இருவர்_தாய்

எனக்கு இரட்டையர், இரண்டும் பெண், இரண்டேகால் வயது. ஒரே வீடு, ஒரே குக்கர் சாதம். ஒருத்தி ஒரு இட்லியோடு "நானா" என்று கையைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவாள் (போதும் என்பதற்கு அவள் வைத்த சொல் அது, எங்கிருந்து பிடித்தாள் என்று தெரியாது). இன்னொருத்தி தன்னுடையதை முடித்துவிட்டு அக்காவின் தட்டுக்கு நகர்வாள். தட்டை எடுத்தால் அழுவாள்.

இரண்டு பேரையும் நான்தான் ஊட்டி வளர்த்தேன். அப்படியிருக்கச் "சின்னவளை நீ கெடுத்து வைத்திருக்கிறாய்" என்று உறவுக்காரர்கள் சொல்லும்போது மனசு வலிக்கும். இவளுக்கு நிறைந்தது தெரியவே தெரியாதா?

கதிர்_படிப்பவன்

தெரியும் அக்கா, தாமதமாகத் தெரியும். பசியும் நிறைவும் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் மாறும். பிரிட்டனில் 2007இல் பிறந்த இரட்டையர்களை, 2,400 குடும்பங்களுக்கு மேல், தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். சீக்கிரம் நிறைவதும் தாமதமாக நிறைவதும் பெருமளவு மரபணு வழி வருகிறது என்று அதில் தெரிந்தது. நீங்கள் கெடுக்கவில்லை. சின்னவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரிமாறுங்கள், இரண்டாம் முறை வைக்கும் முன் சற்று நேரம் பேச்சுக் கொடுங்கள். திட்டிப் பிடுங்க வேண்டாம், பிடுங்கினால் அந்தச் சாப்பாட்டின் மேல் ஆசை இன்னும் கூடும்.

பெயர்_சொல்லாத_அப்பா

எல்லோரும் "குழந்தைக்குத் தெரியும்" என்கிறீர்கள். எனக்கு இதைப் படிக்கும்போது கை நடுங்குகிறது.

என் மகன் பாலும் சரியாகக் குடிக்கமாட்டான், கஞ்சியும் வாங்கமாட்டான். நாலு உறிஞ்சு குடித்துவிட்டு மூச்சு வாங்கி நிறுத்துவான். நெற்றியில் முத்து முத்தாக வேர்க்கும், மின்விசிறிக்குக் கீழே வைத்திருந்தாலும் வேர்க்கும். நாங்கள் காட்டிய இடத்தில் "பசித்தால் தானாகச் சாப்பிடுவான், சும்மா திணிக்காதீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நம்பினோம். நான்கு மாதம் போயிற்று. 14 மாதத்தில் 6.8 கிலோ. வேறொரு ஊரில் காட்டியபோதுதான் இதயத்தில் ஓட்டை என்று தெரிந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்றே வாரத்தில் அவன் சோறு கேட்டு அழுதான். பசி என்று அவன் அழுததை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

அவன் அதுவரை நிறுத்தியது வயிறு நிறைந்ததால் இல்லை, களைத்துப்போனதால். வெளியே பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தயவுசெய்து எடையைப் பாருங்கள்.

ஓய்வு_செவிலியர்

தம்பி, இதை எழுதியதற்கு நன்றி. நான் பாக்கி வைத்ததே இதுதான்.

குழந்தையின் "போதும்" என்பதை நம்புங்கள். ஆனால் கையில் வளர்ச்சி அட்டையை வைத்துக்கொண்டு நம்புங்கள். அங்கன்வாடியில் மாதம் ஒரு முறை எடை போட்டுப் புள்ளி வைப்பது சும்மா இல்லை. அந்தப் புள்ளிகளைச் சேர்க்கும் கோடு, மெலிந்த பிள்ளைக்குக் கீழேயும் போகலாம், பருத்த பிள்ளைக்கு மேலேயும் போகலாம். ஏறிக்கொண்டே போகிறதா என்பதுதான் கேள்வி. இரண்டு மூன்று மாதம் படுத்துவிட்டாலோ இறங்கினாலோ "பசித்தால் சாப்பிடும்" என்ற பேச்சுக்கே இடமில்லை, மருத்துவரிடம் போக வேண்டும். ஊட்டும்போது வேர்ப்பது, மூச்சு வாங்குவது, ஒவ்வொரு வாய்க்கும் புரையேறுவது, எல்லாச் சாப்பாட்டுக்கும் குமட்டுவது ஆகியவற்றுக்கும் அப்படித்தான். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் நோயிலிருந்து எழுந்த குழந்தைக்கும் கூடுதலாகக் கவனம் வேண்டும். காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு வாரம் ஒரு வேளை சேர்த்துக் கொடுங்கள்.

இரத்தசோகையும் பசியைக் கொல்லும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. சோகையால் பசி குறையும், பசி குறைந்து பாலை மட்டும் குடிக்கும், பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு என்பதால் சோகை கூடும். இந்தச் சுழலில் மாட்டிய பிள்ளைகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன், வெளுத்த உள்ளங்கையோடு பால் புட்டியை மட்டும் விடாமல் பிடித்திருக்கும். மலச்சிக்கலும் அப்படியே, மூன்று நாள் போகாத பிள்ளைக்கு எங்கிருந்து பசிக்கும்?

அடுத்தது சோற்றின் கெட்டி. இரைப்பை அளவைத்தான் முதலில் பார்க்கும். நீர்க்க ரசம் சாதமோ கஞ்சித் தண்ணீரோ கொடுத்தால் வயிறு நிறைந்துவிடும், சத்து நிறையாது. பிள்ளை சரியாகத்தான் "போதும்" என்றது, நாம் கொடுத்ததுதான் போதாதது. ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகாத பதத்தில் இருக்க வேண்டும். அதில் ஒரு ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ, பருப்போ முட்டையோ. இந்த விஷயத்தில் உங்கள் அத்தை செய்வதுதான் முழுக்கச் சரி.

யாழினி_சேலம்

ஒரு சந்தேகம் அம்மா. கன்னத்தில் அதக்குகிறாள் என்று சொன்னேனே, என் அம்மா தொக்கம் எடுக்கக் கூட்டிப்போக வேண்டும் என்கிறார்கள். தொண்டையில் ஏதோ சிக்கியிருப்பதால்தான் சாப்பிடவில்லை என்று ஊரில் சொல்கிறார்கள். போகலாமா?

ஓய்வு_செவிலியர்

போகவே வேண்டாம் கண்ணம்மா. தொண்டையில் உண்மையிலேயே ஏதாவது சிக்கியிருந்தால் பிள்ளைக்கு இருமலும் மூச்சுத் திணறலும் இருக்கும், உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். இல்லையென்றால் அங்கே எடுப்பதற்கு ஒன்றுமே இல்லை. தொண்டைக்குள் விரலை விட்டுக் கிளறியதில் புண்ணாகிச் சீழ் பிடித்து வந்த குழந்தையை நானே ஜீப்பில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். அதக்கி வைப்பதும் "போதும்" தான். துப்பினால் அதட்டுவார்கள் என்று தெரிந்த பிள்ளை கன்னத்தில் வைத்துக்கொள்கிறது. அடுத்த வாயைக் கொண்டு போகாதீர்கள், துப்பச் சொல்லிக் கையை நீட்டுங்கள்.

வடமராட்சி_மாமி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் பிள்ளைக்கு ஊட்டுவதைத் தீத்துவது என்போம். நானும் என் மூத்தவனுக்கு மூன்றரை வயது வரை தீத்தினேன். இளையவளுக்கு எங்கள் குடும்ப நல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தபோது ஒரு விஷயம் சொன்னா: பாயை விரித்துப் பெரியவர்கள் சாப்பிடும்போது அவளையும் பக்கத்தில் இருத்துங்கோ, கையில் ஒரு பிடி கொடுங்கோ, நீங்கள் உங்கள் சாப்பாட்டைச் சாப்பிடுங்கோ.

முதல் மாதம் பாதிச் சோறு பாயில், கால்வாசி தலையில். ஒவ்வொரு வேளைக்கும் குளிப்பாட்ட வேண்டியிருந்தது. ஆனால் இரண்டாம் மாதம் நான் ஒன்றைக் கண்டேன். தன் கையால் சாப்பிடும் பிள்ளை முடிக்கும்போது மெதுவாகிறது. விரலைச் சப்புகிறது, ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்துப் பார்க்கிறது, திரும்ப வைக்கிறது. நான் தீத்தும்போது அந்த மெதுவான நேரத்துக்கு இடமே இருந்ததில்லை. அவள் ஒரு வாயை விழுங்குமுன் அடுத்தது என் விரலில் தயாராக இருக்கும்.

கவின்அப்பா

இந்த இழையை என் மனைவி காட்டினார். போன் கொடுப்பவன் நான்தான், நானே எழுதுவது சரி என்று தோன்றியது.

பனியன் கம்பெனியில் வேலை. ஆர்டர் இருக்கும் நாளில் வீட்டுக்கு வர ஒன்பது மணி. அவன் தூங்குவதற்குள் எனக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம். அதில் அவன் வயிறு நிறைந்ததா என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. போன் இருந்தால் பத்து நிமிடத்தில் கிண்ணம் காலியாகும், நிம்மதியாக இருக்கும். வியாழக்கிழமை அவன் வாந்தி எடுத்ததைப் பார்த்த பிறகு அந்த நிம்மதி யாருக்கு என்று யோசித்தேன். பாட்டு ஓடும்போது அவன் என்ன சாப்பிடுகிறான் என்பதே அவனுக்குத் தெரிவதில்லை, அதை நான் கவனித்திருக்கிறேன். அந்த நேரத்தில் ரசம் சாதத்துக்குப் பதில் எதைக் கொடுத்தாலும் வாயைத் திறப்பான்.

திடீரென்று நிறுத்தினால் ஒன்றுமே சாப்பிடமாட்டானே, அதற்கு என்ன செய்வது?

வேலம்மாள்_ஆச்சி

தம்பி, நான்கு நாள் கஷ்டப்படுத்துவான். ஐந்தாம் நாள் உன் முகத்தைப் பார்ப்பான். நீயும் தட்டைப் போட்டுக்கொண்டு அவனோடு உட்கார்.

கதிர்_படிப்பவன்

ஆச்சி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் நல்கொண்டா மாவட்டத்தில் 60 கிராமங்களில் செய்த ஆய்வு 2013இல் வந்தது. என்ன கொடுப்பது என்று மட்டும் சில கிராமங்களில் சொல்லிக்கொடுத்தார்கள். வேறு சில கிராமங்களில் அதோடு குழந்தையின் குறிப்பறிந்து ஊட்டுவதும், பேசி விளையாடுவதும் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த இரண்டாம் வகைக் கிராமங்களில் 15 மாதக் குழந்தைகளின் மனவளர்ச்சி மதிப்பெண் கூடுதலாக இருந்தது. அண்ணா, உங்களுக்குக் கிடைக்கும் அந்த முக்கால் மணி நேரத்துக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

கவின்அம்மா_திருப்பூர்

ஒரு மாதம் கழித்து வருகிறேன். கதிர் தம்பி சொன்னபடி முதல் வாரம் நோட்டில் எழுதினேன். செவ்வாய், புதனை மட்டும் அப்படியே தருகிறேன்.

செவ்வாய்: காலை அரை இட்லி. மதியம் நான்கு வாய் தயிர் சாதம். மாலை ஒரு பூவன்பழம், இரண்டு பிஸ்கட். இரவு எதுவும் வேண்டாம் என்று அழுதான். பால் மூன்று வேளை.

புதன்: காலை இரண்டு இட்லி முழுதாக, சாம்பார் தொட்டு. மதியம் சின்னக் கிண்ணம் நிறையப் பருப்பு சாதம், ஒரு முட்டையில் பாதி. மாலை ஒன்றும் இல்லை. இரவு ஒரு தோசை.

செவ்வாய்க்கிழமை இரவு அத்தை அழுதேவிட்டார். புதன்கிழமை இரவு அந்தத் தோசையைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

பாலை எழுதியபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலை 200, மாலை 200, இரவு புட்டியில் 250. மொத்தம் 650 மில்லி. செவிலியர் அம்மாவுக்குத் தனிமடலில் அனுப்பினேன். 1 முதல் 3 வயது வரை ஒரு நாளைக்கு வேண்டியதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்வது 1,010 கலோரி, உங்கள் பையன் பாலிலேயே 420 எடுத்துவிடுகிறான், பிறகு சோற்றுக்கு எங்கே இடம் என்று கேட்டார். இரவுப் புட்டியை நிறுத்தினோம். மூன்று இரவு யாரும் தூங்கவில்லை. இப்போது டம்ளரில் இரண்டு வேளை, மொத்தம் 400.

400 மில்லி கிண்ணம் அலமாரிக்குப் போய்விட்டது. கருவேப்பிலைப் பொடி வைத்திருந்த சின்னக் கிண்ணத்தில் பாதிதான் போடுகிறோம், கேட்டால் மறுபடி. போனை அவர் இரவு அலமாரி மேல் வைத்துவிடுகிறார். ஆச்சி சொன்ன கணக்கு கொஞ்சம் தப்பு, எங்களுக்கு ஒன்பது நாள் ஆயிற்று. வளர்ச்சி அட்டையில் இந்த மாதப் புள்ளி 10.6. ஹீமோகுளோபினும் பார்த்தோம், கொஞ்சம் குறைவு. இரும்புச்சத்துச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

நேற்று மதியம் எட்டாவது வாய்க்கு வாயை மூடினான். நான் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். என் முகத்தையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தான், பிறகு கிண்ணத்தை என் பக்கம் தள்ளினான். ஒரு நிமிடம் கழித்துத் திரும்பத் தன் பக்கம் இழுத்து இன்னும் இரண்டு வாய் அவனே எடுத்துச் சாப்பிட்டான். அத்தை அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது ஒரே ஒரு கவலை. ஞாயிற்றுக்கிழமை தாராபுரம் பக்கம் குலதெய்வம் கோயிலில் கிடாவெட்டு. பெரியம்மா, சித்தி, அத்தைமார் என்று பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். ஆளுக்கு ஒரு வாய் ஊட்டாமல் விடமாட்டார்கள். முகத்தை முறித்துக்கொள்ளவும் முடியாது.

வேலம்மாள்_ஆச்சி

முறித்துக்கொள்ள வேண்டாம். பந்திக்கு முன்னாலேயே அவனுக்குக் கொஞ்சமாகக் கொடுத்துவிடு. பிறகு அத்தையின் இடுப்பில் உட்கார வைத்துவிடு, உன் இடுப்பில் வைக்காதே. யார் கையில் சோற்றோடு வந்தாலும் "இப்பத்தான் சாப்பிட்டான்" என்று அத்தை சொல்லட்டும். மருமகள் சொன்னால் பேச்சு வரும், மாமியார் சொன்னால் அவர்கள் வேறு பிள்ளையைப் பார்த்துப் போய்விடுவார்கள்.

கவின்அம்மா_திருப்பூர்

அத்தையிடம் படித்துக் காட்டினேன் ஆச்சி. சரி என்கிறார்.